ஜப்பான் மேப்பிள்: ஒரு பக்கக் கொப்பு மட்டும் வாடுது, என்ன செய்யலாம்?

மாதுளம்பூ (மார்க்கம்):

வணக்கம். மேப்பிள் வச்சிருக்கிற ஆக்கள் ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ.

போன வருசம் மே மாசம் இங்க மார்க்கத்தில (கனடா, ரொறன்ரோப் பக்கம்) பின்வளவில ஒரு ஜப்பான் மேப்பிள் நட்டனாங்கள். சீட்டில வகை பிளட்குட் எண்டு போட்டிருந்தது. என்ர நெஞ்சளவு உயரம், 150 டொலருக்குக் கொஞ்சம் மேல. இவருக்கு வீடு வாங்கின நாள் தொடக்கம் இந்த மரத்தில ஆசை. முன்வீட்டுச் சீனக் குடும்பத்தின்ர வாசலில ஒண்டு நிக்குது. ஒக்டோபரில ரோட்டால போற சனம் நிண்டு படம் எடுத்துக்கொண்டு போகும். அதைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை.

விண்டருக்கு நாலு தடி ஊண்டிச் சுத்திவரச் சாக்குக் கட்டி, அடியில மல்ச் (மண்ணை மூடுற மரச்சீவல்) போட்டு விட்டனாங்கள். ஏப்ரல் கடைசியில முளை வந்து, மே லோங் வீக்கெண்ட் வரேக்க மரம் முழுக்க இலை. வடிவா நிண்டது. போன கிழமை வெய்யில் ஏறினதும் வேலிப் பக்கத்துக் கொப்பு ஒண்டின்ர இலையெல்லாம் திடீரெண்டு தொங்கிப்போச்சு. பிறகு சுருண்டு காஞ்சிட்டுது, ஆனா ஒரு இலையும் கொட்டேல்லை, அப்பிடியே ஒட்டிக்கொண்டு நிக்குது. மற்றப் பக்கத்தில ஒரு குறையும் இல்லை, இப்பவும் நல்ல கருஞ்சிவப்பு. படம் போட்டிருக்கிறன்.

தண்ணி ஒண்டைவிட்ட ஒருநாள் விடுறம். மாமி நாவூறு எண்டு செத்தல் மிளகாய் சுத்திப் போட்டா. நெடி வந்தது, அதால நாவூறு இல்லையாம்.

கொப்பை வெட்டவோ, விடவோ? ஏதும் மருந்து இருக்கோ? கடையில ஒரு வருச உத்தரவாதம் தந்தவை, ஆனா மே மாசத்தோட அது முடிஞ்சுபோச்சு.


கராஜ்_ராசா (ஸ்காபரோ):

உது சினோக் (பனிக்) குளிர்தான் சகோதரி. ஜனவரியில என்ன குளிர் குளிர்ந்தது! சாக்கெல்லாம் காணாது. 20-20-20 பசளை வாங்கித் தண்ணியில கரைச்சு நல்லா ஊத்துங்கோ, திருப்பித் தளிர்க்கும். என்ர ரோசாவுக்கு அப்பிடித்தான் செய்யிறனான். என்ர முன்வளவிலயும் ஒரு சிவப்பு மேப்பிள் நிக்குது, ஒரு நாளும் சாக்குச் சுத்தினது இல்லை, கூரையைத் தாண்டி வளர்ந்திட்டுது.


பவானிக்காரன் (எடிசன், நியூ ஜெர்சி):

படத்தைப் பார்த்தேன். குளிர் பாதிப்பு மாதிரி தெரியலைங்க. எங்க பகுதியில ஜப்பானிய மேப்பிள் இல்லாத தெருவே கிடையாது, யாரும் சாக்கு கட்டுறதும் இல்ல. இங்க வர்ற பிரச்சினை ரெண்டுதான். ஜூலை வெயில்ல இலை ஓரம் மட்டும் கருகும், நடு இலை நல்லா இருக்கும். அது வெயில், காத்து, தண்ணிப் பத்தாக்குறை. இன்னொண்ணு ஜப்பானிய வண்டு. பச்சையும் செம்புக் கலரும் மினுமினுக்கும், இலையைத் தின்னு நரம்பை மட்டும் விட்டு வைக்கும். காலையில வாளியில சோப்புத் தண்ணி எடுத்துட்டுப் போய் உதிர்த்து விடுவேன். உங்க மரத்துல ரெண்டுமே இல்ல. ஒரு கொப்பு மொத்தமா வாடறதுன்னா அந்தக் கொப்புக்குத் தண்ணி போகலைன்னுதான் அர்த்தம். ஏன் போகலைன்னு தெரிஞ்சவங்க சொல்லட்டும்.


ஒட்டுக்கண்டு (ஏஜாக்ஸ்):

பிள்ளை, முதல் அந்த 20-20-20ஐ ஊத்தாதேங்கோ. ராசா கோவிக்கக்கூடாது. நான் நயாகராப் பக்கம் நேர்சரியில கன வருசம் நிண்டவன், இப்ப பென்சனில இருக்கிறன். அங்க ஜப்பான் மேப்பிளில இந்தக் கதை வருசா வருசம் வரும். வாடுற மரத்துக்கு நைதரசன் குடுத்தால் இலைதான் கூடும். இலை கூடினால் தண்ணி கூடக் கேக்கும். ஏற்கெனவே தண்ணி ஏறாமல்தானே கொப்பு வாடுது.

நியூ ஜெர்சித் தம்பி சரியான இடத்தில கை வச்சிருக்கிறார். குளிரில செத்த கொப்பு வசந்தத்தில முளையே விடாது. நுனியில இருந்து கீழ்நோக்கிக் காஞ்சுகொண்டு வரும், மே மாசமே தெரியும். நகத்தால பட்டையை மெல்லச் சுரண்டினால் உள்ளுக்குப் பச்சை இருக்காது, மண்ணிறமா இருக்கும். உங்கட கொப்பு முழு இலை விட்டு, நாலஞ்சு கிழமை நல்லா நிண்டு, வெய்யில் ஏறினதும் விழுந்திருக்கு. அப்ப வேருக்கும் அந்தக் கொப்புக்கும் நடுவில எங்கயோ அடைச்சிருக்கு. எங்க எண்டுதான் தேடவேணும். கடைக்கு ஓடுறதும் மருந்து தேடுறதும் பிறகு.

அடிமரத்தில இருந்து தொடங்குங்கோ. மல்ச்சை முழுக்க விலத்திப்போட்டு, முழங்காலில நிண்டு பட்டையைச் சுத்திவரப் பாருங்கோ. விண்டரில முசல் பட்டை தின்னும். சினோ உயர உயர அதுக்கு ஏணி கிடைச்ச கணக்கு, அதால நிலத்தில இருந்து ரெண்டடி உயரத்திலயும் கடிச்சிருக்கும். மல்ச்சுக்குள்ள எலி இருந்தால் மண்மட்டத்திலயே சுரண்டியிருக்கும். பட்டை போன மரமும் சேர்த்து வச்ச சத்தில வசந்தத்தில இலை விடும், ஜூனில விழும். சாக்குக் கட்டினது முசலுக்கு வசதி, காத்துப்படாத அறை. சாக்குக்கு உள்ளுக்கு நெருக்கமான கம்பிவலை சுத்தவேணும், அதைச் செய்யிற ஆக்கள் குறைவு. தென்மேற்குப் பக்கப் பட்டையில நெடுக்க வெடிப்பு இருக்கோ எண்டும் பாருங்கோ. பெப்ரவரி வெய்யில் அந்தப் பக்கத்தைச் சூடாக்கும், பொழுது பட்டவுடன உறையும், பட்டை பிளக்கும்.

பட்டை நல்லா இருந்தால் மண்ணை விரலால கிண்டுங்கோ. அடிமரம் நிலத்தைத் தொடுற இடத்தில அகலிச்சு வேராப் பிரியிறது வெளியில தெரியவேணும். கம்பம் நட்ட மாதிரி நேரா மண்ணுக்குள்ள போனால் ஆழமா நட்டிருக்கு. சாடிக்குள்ள வட்டமாச் சுத்தின வேர் ஒண்டு அடிமரத்தை நெரிச்சாலும் அந்தப் பக்கத்துக் கொப்பு மட்டும் காயும். சாடிக்குள்ள கனகாலம் நிண்ட கண்டுகளில இது நிறைய.

இதெல்லாம் இல்லையெண்டால், வாடின கொப்பு மரத்தோட சேருற இடத்துக்குக் கிட்ட, கையின்ர சின்னவிரல் மொத்தத்தில ஒரு துண்டை வெட்டி, வெட்டுமுகத்தைப் பாருங்கோ. பட்டைக்கு அடுத்த வளையத்தில கரும்பச்சையா, ஒலிவ் நிறத்தில, இல்லாட்டிக் கறுப்பாப் புள்ளியோ கோடோ இருக்கோ? பட்டையை நெடுக்க உரிச்சுப் பார்த்தால் கோடு இன்னும் வடிவாத் தெரியும். நுனிக் குச்சியில தேடாதேங்கோ, அதில கனதரம் தெரியாது. வெட்டினதும் கத்திரிக்கோலை 70 வீத அல்கஹோலால துடையுங்கோ.

கடைசியா ஒரு கேள்வி. மரம் வைக்க முதல் அந்த இடத்தில என்ன நிண்டது?


கராஜ்_ராசா (ஸ்காபரோ):

கோவம் இல்லை அண்ணை. ஆனா என்ர மேப்பிளுக்கு ஒண்டும் வாறேல்லையே, அதென்ன? அதுவும் சிவப்பிலைதானே.


ஒட்டுக்கண்டு (ஏஜாக்ஸ்):

ராசா, கூரையைத் தாண்டினது எண்டு எழுதினதிலயே எனக்கு விளங்கீற்றுது. ஒரு இலையைக் காம்போட ஆய்ஞ்சு, காம்பை முறிச்சுப் பாருங்கோ. எருக்கலை மாதிரி வெள்ளைப் பால் வந்தால் அது நோர்வே மேப்பிள். கிரிம்ஸன் கிங் எண்டு சிவப்பிலை வகை ஒண்டு இருக்கு, அதாத்தான் இருக்கும். ஜப்பான் மேப்பிளுக்குப் பால் வராது.

அது வீட்டு முன்வளவுக்குரிய மரம் இல்லை. 12 மீற்றருக்கு மேல போகும், வேர் மேலோட்டமா ஓடும், கீழ புல்லும் வராது. விதை பறந்து காட்டுக்குள்ள விழுந்து எங்கட நாட்டு மேப்பிளை நெருக்குது எண்டு ஒன்ராறியோவில இப்ப அதை நடவேண்டாம் எண்டுதான் சொல்லுகினம். வெட்டச் சொல்லேல்லை. நிழல் தருது, நிக்கட்டும். ஆனா ரெண்டையும் ஒரே மரம் எண்டு நினைச்சு ஆக்களுக்குப் புத்தி சொல்லாதேங்கோ.


கராஜ்_ராசா (ஸ்காபரோ):

பால் வருது அண்ணை. வித்தவன் ஜப்பான் எண்டுதான் சொன்னவன்.


மாதுளம்பூ (மார்க்கம்):

அண்ணை, நீங்கள் சொன்ன எல்லாம் பார்த்தனாங்கள். பட்டையில ஒரு கடியும் இல்லை, வெடிப்பும் இல்லை. வேர் பிரியிற இடம் வெளியில தெரியுது, சுத்தின வேரும் காணேல்லை. வாடின கொப்பை இவர் அடியோட வெட்டினவர். வெட்டின இடத்தில பட்டைக்கு உள்ளுக்குக் கரும்பச்சைக் கோடு, ஒரு பக்கமா அரைவட்டத்துக்குப் போகுது. படம் போட்டிருக்கிறன்.

நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விக்கு மறுமொழி: மாமியின்ர கத்தரிப் பாத்தி! நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த காலம் தொடக்கம் வேலிக்கரையில கத்தரியும் தக்காளியும்தான். வெய்யில் நல்லாப் படுற இடம் எண்டு இவர் பாத்தியின்ர ஒரு அந்தத்தை எடுத்து மேப்பிளை வச்சவர். மிச்சத்தில இப்பவும் கத்தரி நிக்குது. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? மாமி பக்கத்தில இருந்து வாசிக்கிறா.


ஒட்டுக்கண்டு (ஏஜாக்ஸ்):

மாமிக்கு வணக்கம் சொல்லுங்கோ. அவவில ஒரு பிழையும் இல்லை, கத்தரி வைக்காத தமிழ்ப் பின்வளவு ஒன்ராறியோவில எங்க இருக்கு?

படத்தைப் பார்த்தால் வேர்ட்டிசில்லியம் வாடல் எண்டுதான் எனக்குப் படுது. மண்ணுக்குள்ள இருக்கிற ஒரு பூஞ்சணம். வேருக்கால உள்ளுக்குப் போய், மரம் தண்ணி ஏத்துற குழாய்களுக்க வளரும். மரம் தன்னைக் காப்பாத்த அந்தக் குழாய்களை அடைக்கும். அடைச்ச குழாய் எந்தக் கொப்புக்குப் போகுதோ அந்தக் கொப்பு வாடும், மற்றது நல்லா நிக்கும். நீங்கள் கண்ட கரும்பச்சைக் கோடு அந்த அடைப்புத்தான். குளிர்காலத்தில தெரியாது, வசந்தத்திலயும் தெரியாது. வெய்யில் ஏறி மரத்துக்குத் தண்ணி அவசரமாத் தேவைப்படேக்கதான் வெளிக்கும்.

கத்தரிக்கு வருவம். இந்தப் பூஞ்சணத்துக்கு மிகவும் பிடிச்ச சாப்பாடு கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு. மிளகாயிலயும் வரும், ஸ்ட்ரோபெரியிலயும் வரும். மரங்களில மேப்பிள் இனம் முழுக்க அதுக்கு இடம் குடுக்கும், அதிலயும் ஜப்பான் மேப்பிள் கெதியா விழும். கத்தரி செத்து மக்கினாலும் பூஞ்சணம் கறுப்புத் தூள் மாதிரிக் கட்டிச்சு மண்ணுக்குள்ள பத்து வருசத்துக்கு மேலயும் கிடக்கும். புது வேர் ஒண்டு கிட்ட வந்தால் முளைக்கும். மேப்பிள் வளர்க்கிற நேர்சரிக்காரர் காணி எடுக்க முதல் விசாரிக்கிறது இதைத்தான்: இங்க முந்தி உருளைக்கிழங்கோ தக்காளியோ போட்டனீங்களோ? போட்டதெண்டால் மேப்பிளை அங்க வையாயினம்.

மாமியிட்ட ஒண்டு கேளுங்கோ. கத்தரி காய்க்கத் தொடங்கிற நேரத்தில கீழ் இலை ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாகி, நுனி அகலமும் உள்ளுக்கு ஒடுக்கமுமா முக்கோணம் போலக் காஞ்சு, பகலில வாடிப் பொழுதுபட நிமிருறதோ? அப்பிடியெண்டால் நோய் அங்க எப்பவோ இருந்திருக்கு.

நூற்றுக்கு நூறு உறுதி வேணுமெண்டால் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தின்ர ஆய்வுகூடத்தில தாவர நோய் பார்க்கிற பிரிவு இருக்கு, காசு எடுப்பினம். முழுக்கச் செத்த கொப்பை அனுப்பினால் பிரயோசனம் இல்லை. பாதி வாடின, உயிருள்ள துண்டை அனுப்பவேணும். 150 டொலர் மரத்துக்கு அது தேவையோ எண்டு நீங்கள்தான் யோசிக்கவேணும். நான் எண்டால் அனுப்பமாட்டன்.

மருந்து இல்லை. உள்ளுக்குப் போன பூஞ்சணத்தை வெளியில அடிச்சுக் கொல்லேலாது. மருந்து இருக்கெண்டு யாரும் போத்தல் வித்தால் வாங்காதேங்கோ.

ஆனா மரத்தைப் பிடுங்கவும் ஓடாதேங்கோ. மேப்பிள் ஒவ்வொரு வருசமும் வெளிப்பக்கமாப் புது வளையம் வைக்கும். அந்த வளையத்துக்கு நோய் போகாமல் மரம் மறிச்சிட்டால் பழைய அடைப்பு உள்ளுக்கயே சிறைப்பட்டுப் போகும். அப்பிடித் தப்பி வடிவா வளர்ந்த மரங்களை நான் பார்த்திருக்கிறன். ஒரே கோடையில முழுக்க விழுந்ததையும் பார்த்திருக்கிறன். மரத்துக்கு மற்றக் கரைச்சல் குடுக்காமல் விடுறதுதான் எங்கட வேலை. ஒண்டைவிட்ட ஒருநாள் மேலால தெளிக்கிறதை விட்டிட்டு, கிழமைக்கு ஒருக்கா ஹோஸை மெல்லத் திறந்து கனநேரம் விடுங்கோ, தண்ணி ஒரு அடி ஆழத்துக்கு இறங்கவேணும். விரலை விட்டுப் பார்த்து ஈரம் இருந்தால் விடவேண்டாம். மார்க்கம் பக்கத்துப் புது வீடுகளில மேல அரையடி நல்ல மண், அதுக்குக் கீழ பெக்கோ மெசின் உழுத களி. அதில தண்ணி தேங்கி நிண்டு வேர் அழுகினால் இன்னும் மோசம். மல்ச் 5 தொடக்கம் 8 சென்ரிமீற்றர், அடிமரத்தில முட்டாமல். பசளை இந்த வருசம் ஒண்டும் வேண்டாம். வெட்டின கொப்பை அரைச்சு மல்ச்சாப் போடாதேங்கோ, உங்கட கம்போஸ்றுக்கயும் போடாதேங்கோ. மற்றக் கொப்பில நல்ல இலை இருக்கும்வரைக்கும் தொடவேண்டாம்.


மாதுளம்பூ (மார்க்கம்):

மாமி "அதுதானே, போன முறையும் பாதிக் கத்தரி ஒரு பக்கம் மஞ்சளடிச்சது, நான் வெய்யில் எண்டு நினைச்சன்" எண்டு சொல்லுறா. இவர் ஒண்டும் கதைக்காமல் இருக்கிறார்.


கொண்டோக்காரி (மொன்றியல்):

இடையில வாறதுக்கு மன்னிக்கவும். எனக்குக் காணி இல்லை, ஆறாம் மாடிப் பல்கனி. புது மண் போட்டுச் சாடியில வச்சால் இந்த நோய்க் கரைச்சல் இல்லைத்தானே? சின்னதா, தொங்குற இலை வகை ஒண்டு கடையில பார்த்தன், இலை நூல் நூலா வெட்டி விட்ட மாதிரி. விண்டரில வீட்டுக்குள்ள எடுத்து வைக்கலாமோ?


ஒட்டுக்கண்டு (ஏஜாக்ஸ்):

நோய்க் கரைச்சல் குறைவு, ஆனா மொன்றியல் பல்கனியில குளிர்க் கரைச்சல் பெரிசு. சீட்டில வலயம் 5 (குளிர் தாங்கிற அளவு, எண் குறையக் குறையக் கூடக் குளிர் தாங்கும்) எண்டு போட்டிருந்தால் மைனஸ் 29 வரைக்கும் தாங்கும் எண்டு ஆக்கள் நினைக்கினம். அது நிலத்தில நிக்கிற மரத்தின்ர கொப்புக்கு. வேர் அவ்வளவு தாங்காது. ஜப்பான் மேப்பிளின்ர வேர் மைனஸ் 10 அளவிலயே சாகத் தொடங்கும். நிலத்துக்குள்ள சினோவுக்கும் மல்ச்சுக்கும் கீழ அவ்வளவு குளிர் போகாது. பல்கனியில சாடிக்கு நாலு பக்கமும் காத்து.

வீட்டுக்குள்ள எடுக்கவே கூடாது. இந்த மரத்துக்குக் குளிர்கால நித்திரை கட்டாயம். 20 பாகையில வச்சால் நேரம் கெட்ட நேரத்தில முளை விட்டு நொந்து போகும். யாழ்ப்பாணத்துக்கு விதை கொண்டுபோகலாமோ எண்டு கேட்ட ஆக்களுக்கும் இதைத்தான் சொன்னனான். உறையாமலும் சூடில்லாமலும் இருக்கிற இடம் வேணும், பூச்சியத்துக்குக் கொஞ்சம் மேல கீழ. சூடாக்காத கராஜ் நல்லது. கொண்டோவின்ர நிலக்கீழ் கார்த் தரிப்பிடம் சில கட்டிடத்தில சரிவரும், சிலதில சூடாக்கி வச்சிருப்பினம். தேர்மொமீற்றரைக் கொண்டுபோய் ஒரு ஜனவரி இரவு வச்சுப் பார்த்துப்போட்டு மரத்தை வாங்குங்கோ. நவம்பரில இலை கொட்டினாப் பிறகு உள்ளுக்கு, ஏப்ரலில வெளியில. இடையில மண் முழுக்கக் காயாமல் கொஞ்சம் தண்ணி.

நூலிலை வகைக்கு இன்னொரு குணம்: காத்தும் பின்னேர வெய்யிலும் பட்டால் ஓரம் கருகும். உங்கட பல்கனி மேற்கு முகம் எண்டால் வேற ஏதும் பாருங்கோ.


பவானிக்காரன் (எடிசன், நியூ ஜெர்சி):

அண்ணா, எனக்கும் ஒரு சந்தேகம். என் மரத்துக்கு அடியில இருந்து பச்சை இலையோட ரெண்டு நீளக் குச்சி நேரா மேல வருது. மேல எல்லாம் சிவப்பு. அழகா இருக்கேன்னு விட்டுருக்கேன். வெட்டணுமா?


ஒட்டுக்கண்டு (ஏஜாக்ஸ்):

இண்டைக்கே வெட்டுங்கோ தம்பி. கடையில பேர் சொல்லி விக்கிற வகை அனேகமா ஒட்டுக்கண்டு. அடியில சாதாரணப் பச்சை மேப்பிளின்ர வேர், மேல சிவப்பு. நிலத்துக்குக் கிட்ட ஒரு முடிச்சு அல்லது வளைவு தெரியும். அதுக்குக் கீழ வாறது எல்லாம் வேர்மரத்தின்ர பிள்ளை, அதுக்குப் பலம் கூட. விட்டால் சில வருசத்தில சிவப்பை அமத்திப்போட்டுப் பச்சை மரமா நிக்கும். முளைக்கிற இடத்தோட ஒட்ட எடுங்கோ. மேல் கொப்புகளை வடிவுக்கு வெட்டுறதெண்டால் ஜூலைக் கடைசி, ஓகஸ்ட். மார்ச்சில வெட்டினால் சாறு ஒழுகும்.


மாதுளம்பூ (மார்க்கம்):

அண்ணை, நாங்கள் இந்த மரத்தை விடுறதெண்டு முடிவெடுத்திட்டம், நீங்கள் சொன்ன மாதிரித் தண்ணியும் விடுறம். கடைக்காரரிட்ட பில்லைக் காட்டிக் கேட்டனாங்கள், தவணை முடிஞ்சாலும் பாதி விலைக்கு இன்னொண்டு தாறம் எண்டு சொல்லுகினம். முன்வளவில வைப்பமோ? முன்பக்கம் கிழக்கு. அங்க புல்லு மட்டும்தான் நிண்டது, ஒரு மரக்கறியும் வைக்கேல்லை.


ஒட்டுக்கண்டு (ஏஜாக்ஸ்):

கிழக்கு நல்ல பக்கம். காலமை வெய்யில் விழும், பின்னேரம் வீட்டின்ர நிழல். சிவப்பிலைக்கு நாலஞ்சு மணித்தியால வெய்யில் வேணும், முழு நிழலில வச்சால் கோடையில பச்சையும் செம்பும் கலந்த நிறமாப் போகும். புல்லு நிண்ட இடம் இந்த நோய்க்குப் பாதுகாப்பான இடம், புல் இனத்தில அது வாறேல்லை. ட்ரைவ்வேக்குக் கிட்ட வேண்டாம், விண்டரில நீங்கள் எறியிற உப்பும் சினோவோட தள்ளுப்பட்டு அங்கதான் குவியும். ஆறடியாவது விலத்துங்கோ.

பாதி விலைக்கு இன்னொரு பிளட்குட் எடுக்க முதல், அவையிட்ட கொரியன் மேப்பிள் இருக்கோ எண்டு கேளுங்கோ. இலை ஜப்பான் மாதிரியேதான், கோடையில பச்சை, இலையுதிர்காலத்தில செம்மஞ்சளும் சிவப்பும். வலயம் 4 தாங்கும், சாக்குக் கட்டுற வேலை இல்லை. கோடை முழுக்கச் சிவப்புத்தான் வேணுமெண்டு இவர் பிடிவாதம் எண்டால் எம்பரர் வன் எண்ட சிவப்பிலை வகையைக் கேளுங்கோ. பிளட்குட்டை விடக் கொஞ்சம் பிந்தி முளைக்கும், மே மாச உறைபனிக்கு அகப்படுறது குறைவு. எதை எடுத்தாலும் மேப்பிள் மேப்பிள்தான், கத்தரி மண்ணுக்கு ஒண்டும் தப்பாது. பழைய பாத்தியில கிண்டின மண்வெட்டியைக் கழுவாமல் முன்வளவுக்குக் கொண்டுபோகாதேங்கோ.

கிடங்கு வெட்ட முதல் ஒன்ராறியோ வன் கோலுக்கு அறிவியுங்கோ. காஸ், கரண்ட் லைன் எங்க போகுதெண்டு வந்து அடையாளம் போடுவினம். காசில்லை, ஆனா சட்டப்படி கட்டாயம். கிடங்கு வேர்க்கட்டியைப் போல மூண்டு மடங்கு அகலம், ஆழம் வேர்க்கட்டியளவுதான். உங்கட களிக்கு வேர்க்கட்டியின்ர மேற்பக்கம் நிலமட்டத்தை விட ரெண்டு மூண்டு அங்குலம் உயர நிண்டால் நல்லது. நட முதல் கிடங்கை நிரப்பித் தண்ணி விட்டுப் பாருங்கோ. அடுத்தநாளும் தண்ணி நிண்டால் இடத்தை மாத்துங்கோ. வெட்டி எடுத்த மண்ணையே திருப்பிப் போடுங்கோ, பை பையாப் பசளைமண் வாங்கிக் கிடங்குக்க மட்டும் நிரப்பினால் களிக்குள்ள ஒரு தொட்டி கட்டின கணக்கு, தண்ணி எல்லாம் அதுக்கதான் தேங்கும். ஜூலை வெய்யிலில நடாதேங்கோ. கடைக்காரர் வச்சிருந்தால் செப்டெம்பர் முதற்கிழமைகளில எடுங்கோ, நிலம் உறைய முதல் வேர் கொஞ்சம் ஓடும்.


மாதுளம்பூ (மார்க்கம்):

மெத்தப் பெரிய உதவி அண்ணை. கொரியனையும் ஒருக்காப் பார்க்கிறம் எண்டு இவர் சொல்லீற்றார், அதுவே பெரிய விசயம். இனி மாமியின்ர கேள்வி: அப்ப அவவின்ர கத்தரி எங்க? அந்தப் பாத்தியில இனி என்ன வைக்கலாம்?


ஒட்டுக்கண்டு (ஏஜாக்ஸ்):

கத்தரியையும் தக்காளியையும் பெரிய சாடியில, கடையில வாங்கின மண் போட்டு வைக்கச் சொல்லுங்கோ. பாத்தி மண்ணில ஒரு பிடியும் கலக்கக்கூடாது. பாத்தியில சோளம், வெங்காயம், உள்ளி போடலாம். அதுகளுக்கு இந்த நோய் வாறேல்லை. வெண்டிக்காய் அங்க வேண்டாம், அதுக்கும் வரும். பிறகு எப்பவாவது மேப்பிள் போய் அந்த இடத்தில மரம்தான் வேணுமெண்டால் ஆப்பிள், பேர்ச், கிங்கோ, இல்லாட்டி ஒரு ஊசியிலை மரம்.


கராஜ்_ராசா (ஸ்காபரோ):

அண்ணை, என்ர நோர்வேக்குக் கீழ மிளகாய் வைக்கலாமோ?


ஒட்டுக்கண்டு (ஏஜாக்ஸ்):

அந்த நிழலில மிளகாய் காய்க்காது ராசா, நோய் வாற அளவுக்கு நிக்கவும் நிக்காது. சாடியில வச்சு ட்ரைவ்வேக் கரையில விடுங்கோ.